தோட்டா கிடைக்காத துப்பாக்கி

உங்கள் பெரியப்பாவுக்கு வலது கை எப்படிப் போனது என்று கேட்டால் ஊரில் யாரானாலும் சொல்லிவிடுவார்கள். பழைய துப்பாக்கியைத் தானே அரம் வைத்து நோண்டினார், அது வெடித்துக் கையைக் கொண்டுபோய்விட்டது. கோர்ட்டுக் காகிதத்திலும் அப்படித்தான் இருக்கிறது. சின்ன வயதில், பிள்ளைகளே, நீங்கள் இரண்டு பேரும் அவரை ‘விஞ்ஞானி பெரியப்பா’ என்று கூப்பிடுவீர்கள். அவரும் சிரித்துக்கொண்டே இடது கையால் உங்கள் தலையில் குட்டுவார். பக்கத்தில் உட்கார்ந்து நானும் சிரித்திருக்கிறேன்.

அந்தத் துப்பாக்கியை நோண்டியது அவர் இல்லை. நான்தான்.

இதை நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எட்டாம் வகுப்போடு நின்றவன், எழுதுவதும் பழக்கமில்லை. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

எங்கள் தாத்தா, மலைக்கு ரோடு போட வந்த ஒரு வெள்ளைக்காரருக்கு வண்டி ஓட்டினவர். அந்த வெள்ளைக்காரர் ஊரைவிட்டுப் போகும்போது கொடுத்துவிட்டுப் போனதுதான் அந்தத் துப்பாக்கி. விசைக்குக் கீழே விரல்கள் நுழைகிற மாதிரி ஒரு இரும்பு வளையம் இருக்கும். அதைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் ‘கடக்’ என்று அடுத்த தோட்டா உள்ளே ஏறிக்கொள்ளும். எங்கள் வீட்டில் அதற்கு இழுப்புத் துப்பாக்கி என்று பெயர். தாத்தாவுக்குப் பிறகு அப்பா, அப்பாவுக்குப் பிறகு என் அண்ணன், உங்கள் பெரியப்பா என்று பயிர்க்காவலுக்கான லைசன்ஸ் மாறி மாறி வந்தது. நான் கள்ளக்குறிச்சியில் ஒரு லேத் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். கரியாலூர் போகிற வழியில், மலையடிவாரத்தில் இருந்த நிலத்தை அண்ணன்தான் பார்த்துக்கொண்டார்.

அந்த நிலத்தில் மரவள்ளி தவிர வேறு எதுவும் சரியாக வராது. மரவள்ளி என்றால் மலையிலிருந்து பன்றி இறங்காமல் இருக்காது. பன்றி தின்றுவிட்டுப் போனாலும் பரவாயில்லை. ஒரு கிழங்குக்காக ஒன்பது செடியைக் கவிழ்த்துப்போட்டுவிட்டுப் போகும். காலையில் போய்ப் பார்த்தால் யாரோ மாடு கட்டி உழுதுவிட்ட மாதிரி கிடக்கும்.

அண்ணன் என்னென்னவோ செய்து பார்த்தார். அண்ணியின் பழைய சேலைகளை வேலி முழுக்கக் கட்டினார். தகரம் தட்டினார். யாரோ சொன்னார்கள் என்று கள்ளக்குறிச்சியில் சலூன் சலூனாக ஏறி, வெட்டிப்போட்ட முடியை மூட்டை கட்டி எடுத்துப்போய் வரப்பெல்லாம் தூவினார். மனுஷ வாசனைக்குப் பன்றி வராதாம். பஸ்ஸில் அந்த மூட்டையோடு ஏறியபோது கண்டக்டர், “இன்னாங்க, ஊரையே மொட்டையடிச்சிட்டு வர்றீங்களா?” என்று கேட்டதை அண்ணன் பல வருஷம் சொல்லிச் சிரித்தார். பன்றிகள் பத்து நாள் யோசித்தன. பதினோராம் நாள் வந்துவிட்டன.

துப்பாக்கி இருந்தது, தோட்டா இல்லை. டிரங்குப் பெட்டியில் தாத்தா காலத்தில் இருந்து மீந்திருந்த கடைசித் தோட்டாவையும் சுட்டாகிவிட்டது. அந்தக் காலி பித்தளைக் குப்பியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அண்ணன் சேலத்தில் இருந்த ஆயுதக் கடைக்குப் போனார். கடைக்காரர் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “இதுக்குத் தோட்டா செஞ்சவனோட பேரனே செத்துப்போயிருப்பான். துப்பாக்கிக்கு ஒரு மாலை போட்டுச் சுவத்துல மாட்டுங்க” என்றாராம். பிறகு மனசு கேட்காமல், கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்து வேறு துப்பாக்கிக்கு மாற்றிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். அண்ணன் அதற்காக மூன்று முறை, அப்போது நமக்குக் கலெக்டர் ஆபீஸ் இருந்த கடலூருக்குப் போய்வந்தார். அந்த வருஷம்தான் நம் ஆட்கள் இட ஒதுக்கீடு கேட்டு ஊர் ஊராகக் கூட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். இந்தச் சமயத்தில் துப்பாக்கி மனுவை யாரும் கையாலும் தொடமாட்டார்கள், அடுத்த வருஷம் வா என்று அனுப்பிவிட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் பட்டறைக்கு வந்தார். தோளில் ஒரு நீளமான சாக்குச் சுருட்டு. அண்ணியிடம் பம்புசெட் ஷாப்ட்டு என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். துப்பாக்கி என்றால் அண்ணி விடமாட்டார்கள்.

“டேய், இப்ப கடையில கெடைக்கிற தோட்டா போறா மாதிரி இத மாத்த முடியுமா?”

நான் சாக்கைப் பிரித்துப் பார்த்தேன். முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த ஒரு வார்த்தை போதும். ஆனால் சின்ன வயதிலிருந்து அண்ணன்தான் எனக்குச் செய்துகொண்டிருந்தார். என்னை லேத்துக்குச் சேர்த்துவிட்டவரும் அவர்தான். முதல்முறையாக என்னிடம் ஒன்று கேட்டு வந்திருக்கிறார்.

“பாக்கலாம்ணா” என்றேன்.

“பாக்கலாம்னா இன்னா அர்த்தம்? முடியுமா, முடியாதா?”

“முடியும்.”

என்ன செய்தேன், எப்படிச் செய்தேன் என்று எழுதமாட்டேன். அதைப் படித்து இன்னொருவன் செய்துவிடக் கூடாது. முதலாளி இல்லாத இரண்டு ஞாயிற்றுக்கிழமை, பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு செய்தேன். இவ்வளவு மட்டும் சொல்கிறேன். இரும்பைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் சுற்றுகிற இரும்பு. ஷாப்ட்டு, புஷ், கப்ளிங். நூல் பிசகாமல் கடைந்து கொடுப்பேன். வெடியைத் தாங்குகிற இரும்பு வேறு. அதை அளக்கிற கருவி எங்கள் பட்டறையில் கிடையாது, என் மண்டையிலும் கிடையாது. வேலை முடிந்ததும் எண்ணெய் போட்டுத் துடைத்துப் பார்த்தேன். புதுசு மாதிரி பளபளவென்று இருந்தது. அதைப் பார்த்து எனக்கே கர்வம்.

சோதித்துப் பார்க்காமல் கொடுத்துவிடவில்லை. அந்த மட்டும் புத்தி இருந்தது. அண்ணனுக்குத் தெரிந்த ஒருவர், அவரும் லைசன்ஸ் வைத்திருந்தவர், மூன்று தோட்டா கொடுத்தார். நிலத்தில் ஒரு மரத்தோடு துப்பாக்கியைக் கட்டி, விசையில் கயிறு கட்டி, தூரத்தில் வரப்புக்குப் பின்னால் படுத்துக்கொண்டு இழுத்தோம். மூன்றும் வெடித்தன. துப்பாக்கிக்கு ஒன்றும் ஆகவில்லை. சத்தம் மட்டும் ‘டப்’ என்று அடங்கி வந்தது.

“இன்னாடா, இருமுறா மாதிரி இருக்குது?” என்றார் அண்ணன்.

“வேலை அப்படிணா. சத்தம் கம்மியா வந்தா இரும்பு நல்லா உக்காந்துகினு இருக்குதுன்னு அர்த்தம்” என்றேன்.

அப்படி எந்த அர்த்தமும் கிடையாது. நானாகச் சொன்னது. அந்தத் தோட்டாக்களைக் கொடுத்தவர் அவற்றை மண்பானைக்குள் போட்டுப் பரண் மேல் இரண்டு மழைக்காலம் வைத்திருந்தார் என்பது எனக்குத் தெரியும். அவர் கொடுக்கும்போதே சொன்னார். ஈரம் ஏறின மருந்து பாதி வேகத்தில்தான் வெடிக்கும் என்று தீபாவளிக்குப் பட்டாசு கொளுத்துகிற குழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரிந்ததுதான். அன்றைக்கு அந்த நினைப்பு வரவில்லை. என் வேலை நன்றாக இருக்கிறது என்று நம்ப ஆசைப்பட்டேன், நம்பிவிட்டேன்.

பிறகு ஒரு வாரம் ரோடு மறியல் என்று முடிவானது. அதற்கு இரண்டு நாள் முன்னால் எங்கள் பக்கத்துப் பையன்கள் பத்துப் பதினைந்து கோடாலியைப் பட்டறைக்கு எடுத்துவந்தார்கள். எதற்கு என்று எனக்குத் தெரியும். சாணைக்கல்லில் வைத்து ஒவ்வொன்றாகத் தீட்டிக் கொடுத்தேன். காசு வாங்காமல் சும்மாதான் செய்தேன். அதையும் பெருமையாகத்தான் நினைத்தேன். நம் பிள்ளைகள் படிக்க வேண்டும், உத்தியோகத்துக்குப் போக வேண்டும், நம் பங்குக்கு ஏதாவது செய்வோம் என்று. பெரியவளே, நீ அப்போது பிறந்து பத்து நாள்கூட ஆகவில்லை.

அந்தச் சமயத்தில்தான் லைசன்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் எல்லாம் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும் என்று தண்டோரா போட்டார்கள். கலவரம் வரும்போல் இருந்தால் எப்போதும் செய்வதுதான். தேர்தலுக்கும் உண்டு. துப்பாக்கியைக் கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டு வருவோம், எல்லாம் ஓய்ந்த பிறகு ரசீதைக் கொடுத்துத் திருப்பி எடுத்துக்கொள்வோம். அண்ணன் அன்றைக்கே சைக்கிளில் என்னிடம் வந்தார். முகம் வெளுத்திருந்தது.

“ஸ்டேஷன் ரைட்டரு லைசன்ஸப் பாத்து நம்பரு, வாயளவு எல்லாம் ஒத்துப்பாப்பாருடா. காயிதத்துல ஒண்ணு இருக்குது, கையில ஒண்ணு இருக்குது. இன்னா சொல்றது?”

“குடுக்காதண்ணா” என்றேன். “பந்தோபஸ்து வேலையிலே யாரு வந்து கணக்குப் பாக்கப்போறான்? ஒரு வாரம். வைக்கப்போர்ல சொருவி வையி.”

ஸ்டேஷனில் கொடுத்திருந்தால் கேஸ் ஆகியிருக்கும். என் பெயரும் வந்திருக்கும். ஆனால் துப்பாக்கி அந்த வாரம் ஸ்டேஷன் அலமாரியில் பூட்டிக் கிடந்திருக்கும். இதை எத்தனை ஆயிரம் முறை நினைத்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

மறியல் தொடங்கியதும் கள்ளக்குறிச்சியில் எல்லாம் அடைத்துவிட்டார்கள். பட்டறையும் மூடல். உங்கள் அம்மாவும் நீயும் எலவனாசூர்கோட்டையில் பாட்டி வீட்டில் இருந்தீர்கள். நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டேன். வழியில் வெட்டிச் சாய்த்த மரங்களின்மேல் சைக்கிளைத் தூக்கித் தூக்கி இறக்க வேண்டியிருந்தது. திருவிழாவுக்குப் போகிற மாதிரி உற்சாகமாகத்தான் போனேன்.

மூன்றாம் நாள் காலை. நன்றாக விடிந்துவிட்டது. நான் பம்புசெட்டில் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். ரோட்டில் வண்டி வாசியே இல்லாததால் பன்றிகளுக்குக் குளிர்விட்டுப்போய் வெளிச்சத்திலேயே கிழங்குக் கொல்லையில் நின்றன. அண்ணன் வைக்கோல் போரில் கையை விட்டுத் துப்பாக்கியை எடுப்பதை நான் பார்த்தேன். மறியலுக்கு முன்னால், அந்த மூன்று தோட்டா கொடுத்தவரின் லைசன்ஸில் சேலத்திலிருந்து புதுத் தோட்டா வாங்கி வைத்திருந்தார். நான் வாயில் வேப்பங்குச்சியோடு, “பாத்துணா” என்று கூடச் சொல்லவில்லை. “பெருசாப் பாத்து அடிணா, இன்னிக்குக் கறி” என்றேன்.

‘டமார்’ என்று கேட்டது.

நான் அந்தச் சத்தத்திலேயே தெரிந்துகொண்டேன். மரத்தில் கட்டி வைத்து நான் கேட்ட சத்தம் அது இல்லை.

கையை எழுதமாட்டேன். துண்டைச் சுற்றினேன், அது போதாமல் என் வேட்டியையும் கிழித்துச் சுற்றினேன். அண்ணி ஓடிவந்து பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள். கயிற்றுக் கட்டிலில் போட்டு, நானும் பக்கத்துக் கொல்லைக்காரர்கள் மூன்று பேருமாகத் தூக்கிக்கொண்டு கள்ளக்குறிச்சிக்கு நடந்தோம். பஸ் இல்லை, ஜீப் இல்லை, மாட்டுவண்டிகூடப் போக முடியாது. மரத்துக்கு மரம் கட்டிலை இறக்கி, இரண்டு பேர் அந்தப் பக்கம் ஏறிக் குதித்து, கட்டிலைச் சாய்க்காமல் வாங்கி, மறுபடியும் தோளில் வைத்து. முதல் நாலைந்து மரம்வரை எண்ணினேன். பிறகு விட்டுவிட்டேன்.

ஒரு புளியமரம் மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. இரண்டு ஆள் கட்டிப்பிடிக்க வேண்டிய மரம், ரோட்டை முழுசாக அடைத்துக் கிடந்தது. சுற்றிப்போகவும் வழியில்லை, இரண்டு பக்கமும் பள்ளம். அதன்மேல் பையன்கள் உட்கார்ந்திருந்தார்கள். ரத்தத்தைப் பார்த்ததும் எழுந்து ஓடிவந்தார்கள்.

“போலீஸ் சுட்டுட்டானுங்களா? எங்க? எந்த ஊருல?” என்று ஒருவன் கத்தினான். அவன் குரலில் பயத்தோடு ஒரு வேகமும் இருந்தது. இன்னொருவன் கோஷம் போடவே ஆரம்பித்துவிட்டான்.

“அதெல்லாம் இல்லப்பா. பன்னிக்குச் சுட்டதுல வெடிச்சிட்டுது. வழி வுடுங்கப்பா” என்றேன்.

அதற்குள் ஒருவன் என் முகத்தைப் பார்த்துவிட்டான். “டேய், நம்ம பட்டறை அண்ணன்டா! கோடாலிக்குச் சாணை புடிச்சிக் குடுத்தாரே, அவரு! அண்ணே, உங்க சாணையிலதான்ணே இந்த மரம் வெண்ணெய் மாதிரி வுழுந்துச்சி.”

பாராட்டித்தான் சொன்னான். நான் மரத்தின் வெட்டுவாயைப் பார்த்தேன். பிசிறே இல்லாத வெட்டு. அந்தப் பையன்கள் பத்துப் பேரும் சேர்ந்து கட்டிலை மரத்துக்கு மேலே தூக்கிக் கொடுத்தார்கள். நாலு பேர் கள்ளக்குறிச்சி வரைக்கும் தோள் மாற்றிச் சுமந்து வந்தார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் வந்ததே இல்லை. கோபப்படுவதற்கு நான் யார்?

வழியில் அண்ணன் கண்ணைத் திறந்து என்னைக் குனியச் சொன்னார்.

“யாரு கேட்டாலும் நாந்தான் அரம் வெச்சி ராவுனேன். நீ ஒண்ணும் பேசாத.”

“அண்ணா...”

“கொழந்த பொறந்து பத்து நாளாவுது. வாய மூடிகினு வா.”

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது மத்தியானம் தாண்டிவிட்டது. டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்தார். “எத்தன மணிக்கு ஆச்சி?” என்று கேட்டார். காலையில் என்றேன். அவர் என்னைத் திட்டியிருக்கலாம். “கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா கையக் காப்பாத்திப் பாத்திருக்கலாம்பா” என்று மட்டும் சொன்னார். மணிக்கட்டுக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் இன்ஸ்பெக்டர் வந்தார். மூன்று நாளாகத் தூங்காத கண். மறியலுக்காக யாரோ துப்பாக்கி தயார் செய்கிறார்கள் என்று அவருக்குச் சந்தேகம். வெடித்த துப்பாக்கியைக் கட்டில் காலடியில் வைத்துவிட்டு அண்ணனைக் கேட்டார்.

“யாருடா இத மாத்திக் குடுத்தது?”

“நானேதாங்க.”

“இது லேத்து வேலடா. நீ ஏர் புடிக்கிறவன். யாருக்கிட்ட கதை வுடற?”

“அரம் வெச்சி ராவுனேங்க. மூணு மாசம் ராவுனேன். கையெல்லாம் காப்புக் காச்சிப்போச்சிங்க.” எந்தக் கையைக் காட்டுவது என்று தெரியாமல் இடது கையைத் தூக்கிக் காட்டினார்.

இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார். “இவன் யாரு?”

“தம்பிங்க.”

“இன்னா பண்றான்?”

“ஒரு பட்டறையில கூட்டிப் பெருக்கறான்ங்க. அதுக்கும் துப்பு பத்தாதுன்னு மொதலாளி திட்டிகினே இருக்காருங்க.”

பக்கத்தில் இருந்த போலீஸ்காரர் சிரித்தார். நான் தலையை ஆட்டினேன். கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தேன். விரல் இடுக்கில் கிரீஸ் கறை இருந்தது, அது எத்தனை கழுவினாலும் போகாது.

கேஸ் நாலு வருஷம் நடந்தது. வாய்தாவுக்கு அண்ணன் கள்ளக்குறிச்சிக்கு வருவார். நம் வீடு கோர்ட்டிலிருந்து கூப்பிடு தூரம். ஆனால் ஒரு நாளும் சாப்பிட வரமாட்டார், என்னோடு நின்று பேசினால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று. மெஸ்ஸில் உட்கார்ந்து இடது கையால் சோற்றை வழித்து வழித்துச் சாப்பிடுவார். எதிர்ப்பக்கம் டீக்கடையில் நின்று நான் பார்த்துக்கொண்டிருப்பேன். முடிவில் ஆறு மாதம் கடலூரில் உள்ளே இருந்துவிட்டு வந்தார். லைசன்ஸும் போனது. அவர் உள்ளே இருந்த காலத்தில் பன்றிகள் நிலத்தைச் சுத்தமாக முடித்துவிட்டன. பிறகு அங்கே மரவள்ளி போடவே இல்லை. ஒற்றைக் கையால் என்ன போடுவது? நிலத்தை வேறு ஆளுக்கு வாரத்துக்கு விட்டுவிட்டார்.

கேஸ் நடக்கும்போது, ஜெயிலுக்குப் போகும்போது, திரும்பி வந்தபோது என்று மூன்று தடவை நான் போய் நிஜத்தைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். “லேத்துக்காரன்னா துப்பாக்கித் தொழிற்சாலைன்னுவானுங்க. நீ உள்ள போனா புள்ளைங்க நடுத்தெருவுல நிக்கும்” என்று மூன்று தடவையும் தடுத்தார். அப்போது அது சரியாக இருக்கலாம். ஆனால் கேஸ் முடிந்துவிட்டதே. எல்லாரும் மறந்துவிட்டார்களே. அதற்குப் பிறகு என்னைத் தடுத்தது யார்? யாரும் இல்லை. ஊரில் நான் கைநேர்த்தியான லேத்துக்காரன் என்று பெயர் எடுத்துவிட்டேன். அவர் துப்பாக்கியை நோண்டிக் கையை விட்ட மடையன் என்று பெயர் எடுத்துவிட்டார். அப்படியே இருந்துவிட்டது.

பெரியவளே, அந்த இட ஒதுக்கீட்டில்தான் உனக்குக் காலேஜில் இடம் கிடைத்தது. உன்னை ஹாஸ்டலில் விட வந்தபோது பெரியப்பாதான் உன் பெட்டியைத் தூக்கினார், நான் தூக்குகிறேன் என்றதற்குக் கொடுக்கவே இல்லை. அன்றைக்கு நீ, “விஞ்ஞானி பெரியப்பா, ஒரு கையால எவ்ளோ வெயிட்டு!” என்றாய். நீ தெரியாமல் சொன்னாய். தெரிந்த நான் பக்கத்தில் நின்றேன்.

போன ஆடியில் அவர் போய்விட்டார். நீங்கள் வந்திருந்தீர்கள், பார்த்தீர்கள். நீங்கள் கிளம்பிப் போன மறுநாள் நான் அண்ணியைப் பார்க்கப் போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். பஸ்ஸில் போகும்போது வார்த்தைகளை வரிசையாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அண்ணி காபி போட்டுக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்கள். அழவில்லை. தானாகவே பேச ஆரம்பித்தார்கள்.

“அவருக்கு இரும்பு வேல இன்னா தெரியும் தம்பி? எதுக்கு அதப் போயி நோண்டுனாரோ. ஒரு வார்த்த உன்கிட்ட சொல்லியிருந்தா, நீ சரியாச் செஞ்சிக் குடுத்திருப்ப இல்ல?”

காபி கையில் ஆறிக்கொண்டிருந்தது.

“ஆமாம் அண்ணி” என்றேன்.